மஞ்சள் தண்ணீர் பட்ட செல்போன்

என் பெரியம்மா மகள் சாலம்மாள், பொழுது சாய்ந்துவிட்டால் யானையை யானை என்று சொல்ல மாட்டாள். “அது” என்பாள். இல்லையென்றால் “பெரியவரு”. பேரைச் சொன்னால், நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி நடந்து வந்துவிடுமாம். மாரண்டஹள்ளிக்கு மேற்கே, காட்டை ஒட்டியிருக்கும் புளியமரத்துக் கொட்டாய் என்ற சிற்றூரில் பாதிப் பேர் இப்படித்தான். மீதிப் பேர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

அக்கா பிறந்தது பாலக்கோட்டுக்குக் கிழக்கே. அங்கே யானை என்பது கோயில் சுவரில் வரைந்திருப்பது. மாதேஸ்வரன் மாமாவைக் கட்டிக்கொண்டு கொட்டாய்க்கு வந்த வருஷம், ஒரு விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனாள். வாசல் முழுக்கப் பலாச்சக்கை சிதறிக் கிடந்தது. நடுவில் முறம் அகலத்துக்கு ஒரு கால்தடம். அந்தப் பள்ளத்தில் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்ததாம். சாணி கரைத்த வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தவளுக்குக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்டதும் அவள் செய்த முதல் காரியம், மாமனார் சத்தம் போடப் போட, வாசலோரத்துப் பலாமரத்தை ஆள்விட்டு வெட்டியது.

“பழம் வேணும்னா சந்தையில வாங்கித் தின்னுங்க மாமா. எனக்கு உங்க புள்ள வேணும்” என்றாளாம். புது மருமகள் மாமனாரைப் பார்த்து அப்படிப் பேசியதை ஊரில் இன்னும் சொல்வார்கள்.

பகலில் அவளைப் பார்த்தால் பயந்த ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. பால் சொசைட்டியில் ஊற்றுகிற அளவு குறைந்தால் ஆளை நிறுத்திக் கேட்பாள். தக்காளி பறிக்கக் கூலிக்குப் போகிற இடத்தில் அவள் சிரிப்புதான் பெரிது. ஆனால் ஐந்து மணிக்கு மேல் அவளோடு பேசினால் பாதிக் காதுதான் நம்மிடம் இருக்கும். மீதி காட்டுப் பக்கம் திரும்பிவிடும். நான் டப்ளினிலிருந்து கூப்பிடும்போதுகூட அது எனக்குத் தெரியும். “ம்… ம்…” என்பாள். பிறகு திடீரென்று, “இரு தம்பி, நாய் ஏன் இப்படிக் கொலைக்குது” என்பாள்.

அவர்களுடைய கொல்லை, அதாவது விளைநிலம், இரண்டு துண்டு. கீழ்த்துண்டில் தக்காளி, மேல்துண்டில் ராகி. மேல்துண்டைத் தாண்டினால், யானையைத் தடுக்க வெட்டி, இப்போது மண் சரிந்து தூர்ந்துபோன ஓர் அகழி. அதைத் தாண்டினால் காடு. ராகி கதிர் பிடிக்கிறவரைக்கும் கவலை இல்லை. கதிரில் பால் ஏறி மணக்க ஆரம்பித்துவிட்டால், அறுப்பு முடிகிறவரை மாமாவுக்குச் சாயங்காலமானால் காவல் பரண்தான். கொல்லை மூலையில் ஒரு புங்கமரத்தோடு சேர்த்துக் கட்டிய பரண் அது. கையில் டார்ச், கொஞ்சம் பட்டாசு, தட்டுவதற்கு ஒரு தகர டின். அப்புறம் செல்போன்.

செல்போன் எதற்கென்றால், காட்டோரத்து ஊர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. வனத்துறையில் தினக்கூலிக் காவலராக இருக்கும் குப்புராஜ் அதில் குரல் செய்தி போடுவார். அவர் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு. “கொட்டாய்க்காரங்க கேளுங்க. மூணு உருப்படி ஏரிக்கரை தாண்டிடுச்சு. மேக்கால யாரும் நிக்காதீங்க” என்று மூச்சு வாங்கப் பேசுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே போன் போட அவருக்கு நேரம் இருக்காது. அந்தக் குரலைக் கேட்டவர்கள் பரணிலிருந்து ஒருமுறை டார்ச் அடித்துக் காட்ட வேண்டும். நான் கேட்டுக்கொண்டேன் என்பதற்கு அடையாளம். எங்கள் அப்பாவின் நிலமும் அந்தப் பக்கம் இருந்ததால் குழுவில் என் எண்ணும் இருக்கிறது. விற்ற பிறகும் இருக்கிறது. வெளியேற மனம் வரவில்லை.

அக்கா வீட்டில் இருந்தது ஒரே செல்போன். பரணில் பனி கொட்டிக் கொட்டி அதற்கு ஒரு நாள் உயிர் போனது. அது தக்காளி விலை ஏறிய வருஷம். இந்த முறை நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று இருவரும் தருமபுரிக்குப் போனார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக இருந்த ஒரு கடை. அக்கா உள்ளே போனதும் கேட்டது ஒன்றுதான்.

“பனியில நனைஞ்சா தாங்குற போனு குடுங்க.”

விற்பனையில் நின்றவன் அறிவழகன். பென்னாகரம் பக்கத்துப் பையன். “பனியாக்கா? மழையே தாங்கும்” என்று சொல்லிவிட்டு, தான் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு செல்போனின் மேல் கடகடவென்று ஊற்றினான். மாமா பதறிக் கையை நீட்டினார். அவன் துணியால் துடைத்து, பாட்டுப் போட்டுக் காட்டினான். கடை முழுக்கக் கேட்டது. “இது போதுங்க” என்றார் மாமா.

கொட்டாயில் எது புதிதாக வந்தாலும் முதலில் முனியப்பன் சாமியிடம்தான் போகும். டிராக்டர் போயிருக்கிறது. போர் மோட்டார் போயிருக்கிறது. குப்புராஜ் வீட்டு வாஷிங் மெஷினையே நாலு பேர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். கிடா வெட்டும்போது அதே தண்ணீரைத் தெளித்து, கிடா உடம்பைச் சிலிர்த்துத் துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று கணக்கு. சாமான்களுக்கு அந்தப் பரீட்சை கிடையாது, தெளிப்பதோடு சரி.

பூசாரி செல்போனைக் கண்டு தயங்கினார். “ஏம்மா, இது மேல தண்ணி படலாமா?”

“தாராளமா ஊத்துங்க சாமி. கடைக்காரரே ஊத்திக் காட்டிட்டாரு. ஒண்ணும் ஆவாது.”

அவர் சொம்பைச் சாய்த்தார். அடியில் மண்டியிருந்த மஞ்சளோடு சேர்ந்து செல்போனின் மேல் வழிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட, பீடத்தின் மேல் கிடந்த செல்போன் விர்ரென்று நடுங்கியது.

“துளுக்கிடுச்சு!” என்று கத்தினார் குப்புராஜ். “உத்தரவு குடுத்துட்டாருடோய்!”

பூசாரிகூடச் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டாள். பரணில் இருக்கும் மனிதரை இனி அந்தச் சாமியும் இந்தச் செல்போனும் பார்த்துக்கொள்ளும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் நெஞ்சு ஆறியது.

ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு செல்போனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சில நாள் கேட்கும். சில நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவதுபோல முனகும். சில நாள் திரையில் மட்டும் வெளிச்சம் வரும், சத்தமே வராது. “சிக்னலு கோளாறு” என்றார் மாமா. அவரும் அப்படித்தான் நம்பினார்.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா குப்புராஜ் வீட்டுத் திட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குப்புராஜ் உள்ளேயிருந்து ஓடி வந்து செல்போனில் பேசினார். “ஒத்தக் கொம்பன். அகழி தாண்டி மேல்கொல்லைப் பக்கம் வருது. பரண்ல இருக்கறவங்க எறங்காதீங்க.” பேசி அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். இருவரும் மேல்கொல்லையைப் பார்த்தார்கள். மற்றப் பரண்களிலிருந்து ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சம் வந்து அணைந்தது. மாமாவின் பரணில் வெளிச்சம் வரவில்லை.

“தூங்கிட்டானா?” என்றார் குப்புராஜ்.

“அவரு தூங்கமாட்டாருங்க அண்ணா.”

இன்னொரு முறை பேசி அனுப்பினார். வெளிச்சம் வரவில்லை. அக்கா கீரையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். இருட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. கொல்லையும் மரமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. அந்தச் சாம்பலில் ஒரு பகுதி மட்டும் நகர்ந்ததை அவள் பார்த்தாள். பிறகு மரம் முறிகிற சத்தம். பிறகு ஒரு வெடி, இரண்டு வெடி. பிளிறல் அவள் பல்லுக்குள் அதிர்ந்ததாம்.

கொம்பன் பரணின் ஏணியை மிதித்து நொறுக்கிவிட்டுக் காட்டுக்குள் போயிருந்தது. மாமா மேலே புங்கமரக் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். இறக்கியபோது செல்போன் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. திரையில் குப்புராஜின் செய்திகள் வந்து வரிசையாக நின்றன. ஒன்றுகூட அவர் காதுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தில் அக்கா தருமபுரிக்குப் போனாள். கடையில் கைகாட்டி விட்டார்கள். ரிப்பேர் பார்க்கிற இடம் வேறு தெரு, மாடியில். அங்கிருந்தவன் செல்போனைத் திறந்தான். ஒலிபெருக்கியின் வலைமேல் மஞ்சள் படிந்து காய்ந்து கிடந்தது. உள்ளேயும் கறை.

“என்னாக்கா, கொழம்பு கொட்டிட்டீங்களா?”

“கொழம்பு இல்லீங்க. தீர்த்தம்.”

“என்னது?”

“முனியப்பன் கோயிலு மஞ்சத்தண்ணி.”

அவன் சிரித்தான். சிரித்தது தப்போ என்று நினைத்தவன்போல நெற்றியை ஒருமுறை தொட்டுக்கொண்டான். “சாமி தண்ணியா இருந்தாலும் தண்ணி தண்ணிதாங்க அக்கா. ஈரம் உள்ள போயிருந்தா வாரண்டி கெடையாது. காசு கட்டித்தான் மாத்தணும்.”

“ஈரம் தாங்கும்னுதானுங்க குடுத்தாங்க.”

“தாங்கும். ஆனா வாரண்டியில வராது.”

தாங்கும், ஆனால் தாங்காவிட்டால் அது உன் பாடு. இந்தக் கணக்கு அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும் அவள் சொல்லிக் கேட்டபோது புரியவில்லை. பணத்தைவிட அவளை உறுத்தியது வேறு. தீர்த்தத்தால்தான் கெட்டது என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். வீட்டில் மாமா கேட்ட கேள்வி அதைவிட மோசம்.

“சாமி மேல பழி போட்டுட்டு வந்திருக்கற. இனி யாரு பேரச் சொல்லி நான் பரண்ல ஏறுறது?”

“ஏறாதீங்க.”

“ஏறலேன்னா ராகிய யாரு பாக்கறது? அறுக்கறதுக்கு இன்னும் கொஞ்ச நாளு. வருசத்துக்கும் களிக்கு என்னா பண்ணுவ?”

முனியப்பனுக்குக் கோபம் வந்தால் என்னாகும் என்று யோசிக்கவும் அவளுக்குப் பயம், செவிட்டுச் செல்போனோடு அவரை அனுப்பவும் பயம். ஏணியை மட்டும் புதிதாகக் கட்டினார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு சாயங்காலமும் அவள் மேல்கொல்லை வரப்பில் ஓர் எல்லைவரை போய் நின்று, மாமாவுக்குத் தெரிகிற மாதிரி முந்தானையை வீசக் காத்திருந்தாள். குப்புராஜ் வீட்டிலிருந்து குரல் கொடுத்தால் அவள் வீசுவாள், மாமா பார்ப்பார். இருட்டிவிட்டால் முந்தானை தெரியாது.

கம்பெனிக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று நான்தான் எண்ணைத் தேடிக் கொடுத்தேன். அக்கா குப்புராஜின் செல்போனில் கூப்பிட்டாள். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று இந்தியில் சொல்லி, பிறகு தமிழ் பேசுகிற ஒரு பெண் வந்தாள்.

“உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம் மேடம். எந்த நேரத்துல சத்தம் கேக்கல?”

“சாயங்காலமுங்க. அது எறங்குற நேரத்துல.”

“எது மேடம்?”

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா குரலைத் தாழ்த்தினாள். “அதாங்க… பெரியவரு.”

“வீட்டுல பெரியவருக்குக் காது கேக்கலையா மேடம்?”

அக்கா வைத்துவிட்டாள். “அந்தப் புள்ளகிட்ட எப்படித் தம்பி சொல்றது? அதுபாட்டுக்கு வெளிச்சமான ரூமுல உக்காந்துக்கிட்டு கேக்குது” என்றாள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். “அது எப்ப முடியும்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. “ராகி அதுவரைக்கும் நிக்குமா?” என்று கேட்டாள்.

மறுபடியும் கடைக்கே போவது என்று அவளாகத்தான் முடிவு செய்தாள். செல்போனை அவள் எடுத்துப்போக வேண்டியிருந்ததால், குப்புராஜின் அம்மா வைத்திருக்கும் கீபேட் போனை வாங்கி மாமா கையில் கொடுத்தாள். அதில் வாட்ஸப் வராது, ஆனால் கூப்பிட்டால் மணிச்சத்தம் ஏரிக்கரைவரை கேட்கும். “நான் வர்ற வரைக்கும் ஏறாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மாமா சரி என்றாரா இல்லையா என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

கடையில் மேனேஜர் மாதவராஜ் இருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். “ரிப்போர்ட்ல தெளிவா இருக்குதும்மா. லிக்விட் டேமேஜ். நாங்க விக்கிற கடை. எங்க கையில ஒண்ணும் இல்ல.”

“உங்க கடையில ஊத்திக் காட்டித்தானுங்க குடுத்தீங்க.”

“நல்ல தண்ணி தாங்கும்மா. நீங்க மஞ்சளக் கரைச்சு ஊத்துனா?”

“என்னா தண்ணின்னு பாத்து ஊத்தச் சொல்லலீங்களே.”

பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி அதே மாதிரி செல்போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் திரும்பினார். மாதவராஜ் குரலைக் குறைத்தார். “உள்ள ஆபீஸ் ரூமுக்கு வாங்க, பேசிக்கலாம்.”

அக்காவுக்கு உள்ளே போகப் பயம். உள்ளே போனால் ஏதாவது கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்று. வெளியே ஓடிவிடலாமா என்றும் இருந்தது. மேசையோடு ஒட்டி நின்றுகொண்டாள். மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“மஞ்சத்தண்ணி வேணாம். உங்க கடைத் தண்ணிதான். இதோ, இவங்க கையில இருக்கற போனு மேல ஊத்துங்க. ஊத்திட்டு, ஒண்ணும் ஆவாது, ஆச்சுன்னா நான் பொறுப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போயிடறேன்.”

அந்த மனிதர் கையிலிருந்த செல்போனைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“சும்மா வெளையாடாதீங்கம்மா.”

“வெளையாட்டு இல்லீங்க. அன்னைக்கு ஊத்துனீங்கல்ல? இன்னைக்கும் ஊத்துங்க.” அவள் கெட்டுப்போன செல்போனை மேசைமேல் வைத்தாள். “பரண்ல எங்க வூட்டுக்காரரு ஒக்காந்திருந்தாரு. பக்கத்துல வந்து நின்னுச்சுங்க. இந்தப் போனு சொல்லவே இல்ல.”

எது வந்து நின்றது என்று யாரும் கேட்கவில்லை. தருமபுரிக்காரர்களுக்குக் கேட்க வேண்டியதில்லை. மாதவராஜ் பாட்டிலைப் பார்த்தார். தொடவில்லை. விற்பனை மேசைக்குப் பின்னால் நின்ற அறிவழகனைப் பார்த்தார். “யாருடா இவங்களுக்கு ஊத்திக் காட்டுனது?”

அறிவழகன் முன்னால் வந்தான். “நான்தான் சார். கம்பெனி ஆளு வந்து அப்படித்தான் காட்டச் சொன்னாரு. எல்லாருக்கும் அப்படித்தான் காட்டறோம்.”

“எல்லாருக்குமா?” என்றாள் செல்போன் வாங்க வந்த பெண்.

அவள் புருஷன் கையிலிருந்த செல்போனை மேசைமேல் திருப்பி வைத்தார். பிறகு மாதவராஜ், “உக்காருங்கம்மா” என்றார். யாருக்கோ போன் போட்டார், திட்டினார், திட்டு வாங்கினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மத்தியானம் தாண்டியது. காபி வாங்கிக் கொடுத்தார்கள், அவள் குடிக்கவில்லை. கடைசியில் அதே மாதிரி வேறு ஒரு புதுச் செல்போனைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தார்.

“இது எங்க கடைக் கணக்குல. கம்பெனியோட நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. இதைக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.”

“சாமிக்குக் காட்டாம எப்படிங்க?”

“காட்டுங்க. தூரத்துல நின்னு காட்டுங்க.”

அவள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். அறிவழகனே சிம்மை மாற்றி, வாட்ஸப்பை ஏற்றி, சத்தத்தை முழுசாகக் கூட்டிக் கொடுத்தான். கொடுக்கும்போது மெதுவாக, “அக்கா, மன்னிச்சுக்குங்க” என்றான். “உன் மேல ஒண்ணுமில்ல கண்ணு, வேலைய உட்டு அனுப்பிட மாட்டாங்கல்ல?” என்று கேட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். வெயில் அதற்குள் மஞ்சளாகிவிட்டிருந்தது.

பாலக்கோடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவள் மடியில் செல்போன் கூவியது. குழுவில் செய்தி. சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் அவள் அழுத்திவிட்டாள். பேருந்து முழுக்கக் குப்புராஜின் குரல் கேட்டது.

“கொட்டாய்க்காரங்க கவனிங்க. கூட்டம் எறங்கிடுச்சு. குட்டியோட வந்திருக்குது. மாதேஸ்வரன் கொல்லையில நிக்குது. மாதேசு, பரண்ல இருந்தீன்னா அசையாத. எறங்காத. யாரும் வெடி போடாதீங்க, குட்டி இருக்குது.”

நடத்துநர் ஓட்டுநரிடம் சொல்லிப் பாட்டை நிறுத்தச் செய்தார். பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். “யாரு சாமி மாதேசு?”

“எங்க வூட்டுக்காரருங்க.”

“ஐயையோ. போன் போடு, போன் போடு.”

அக்கா கீபேட் போனின் எண்ணை எடுத்தாள். விரல் திரைக்கு மேலே போய் நின்றது. பரணில் இருக்கிறாரா, வீட்டில் இருக்கிறாரா? வீட்டில் இருந்தால் போன் போடத் தேவையில்லை. பரணில் இருந்தால் அவர் சட்டைப்பையில் அந்தப் போன். அது அடித்தால் ஏரிக்கரைவரை கேட்கும்.

“போடும்மா, என்னா பாத்துக்கிட்டு இருக்கற?” என்றார் பின்னால் ஒருவர்.

“போட்டா… அது அடிக்குமுங்க.”

பேருந்துக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. அவள் குப்புராஜைக் கூப்பிட்டாள். “அண்ணா, அவருக்கு யாரும் போன் போடக்கூடாது. குரூப்புல சொல்லுங்க. எல்லாருக்கும் சொல்லுங்க.”

எனக்கு அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். குப்புராஜின் முதல் செய்தியை அலுவலகப் படிக்கட்டில் நின்று கேட்டேன். இரண்டாவதும் வந்தது. “மாதேசுக்கு யாரும் போன் போடாதீங்க. அவன் சம்சாரம் சொல்லுது. யாரும் போடாதீங்க.” நான் அக்காவைக் கூப்பிட்டேன். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. மறுபடி கூப்பிட்டேன். அதையே சொன்னது. அவள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அவள் பேசிக்கொண்டிருக்கவில்லை. குப்புராஜ் வைத்ததும் அவள் செல்போன் அடித்தது. கீபேட் போனின் எண். எடுத்துக் காதில் வைத்தாள். “ஏங்க” என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் பேச்சு இல்லை. மூச்சு மட்டும். அவர் மூச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பின்னால் ராகித் தாளை வேரோடு பிடுங்குகிற சத்தம், மண்ணை உதறக் காலில் அடிக்கிற சத்தம், மெல்லுகிற சத்தம். அடிவயிற்றிலிருந்து வருகிற ஓர் உறுமல். இனி யாரும் தன்னைக் கூப்பிட முடியாதபடி, அவர் தானாகக் கூப்பிட்டு இணைப்பைத் திறந்து வைத்திருந்தார். சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

மாரண்டஹள்ளி வந்தது. நடத்துநர் விசில் ஊதாமல், கையால் தட்டி நிறுத்தினார். அவள் செல்போனைக் காதிலிருந்து எடுக்காமல் இறங்கினாள். ஆட்டோக்காரர் கூப்பிட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள். நகர்ந்தால் சிக்னல் போய்விடுமோ என்று, பேருந்து நிறுத்தத்திலேயே, காய்கறி மூட்டைகளுக்கு நடுவே நின்றாள். கூடைக்கார அம்மாளும் இறங்கி, ஒன்றும் கேட்காமல் அவள் பையை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாளாம். எவ்வளவு நேரம் என்று அக்காவுக்குத் தெரியாது. மெல்லுகிற சத்தம் மெதுவாக விலகியது. மூச்சு மட்டும் மிஞ்சியது. மூச்சும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

“சாலா.”

“ம்.”

“போயிடுச்சு.”

அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

மேல்துண்டில் பாதி ராகி போய்விட்டது. பரணுக்குக் கீழே சாணம் கிடந்ததாம், குட்டியுடையதும் சேர்த்து. மறுநாள் காலையில்தான் அவளோடு பேசினேன். என்ன கேட்பதென்று தெரியாமல், புதுச் செல்போன் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“நல்லாக் கேக்குது தம்பி” என்றாள். “மென்னு தின்னுறதுகூடக் கேட்டுச்சு.”

மீதிப் பாதி ராகி கொல்லையில் நிற்கிறதே, ஆள் வைத்து இன்றைக்கே அறுத்துவிடக் கூடாதா என்றேன். கதிர் இன்னும் முற்றவில்லை என்றாள். அப்படியானால் மாமா, என்று ஆரம்பித்தேன்.

“அவரு ஏணியப் பாக்கப் போயிருக்காரு” என்றாள். அவள் பின்னால் நாய் குரைத்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். நானும் கேட்டேன்.